சிறைப்புறத்தார் குற்றவாளிகள் அல்லர்

விமானிகளும் தரைக்கட்டுப்பாட்டாளர்களும் வானொலியில் பேசிக்கொள்வதைக் கேட்பது உலகின் பல நாடுகளில் ஒரு பொழுதுபோக்கு. நம் நாட்டில் அது குற்றம். குற்றமாக இருக்கக் கூடாது என்று வாதிடப் புகுந்தால் அது கிறுக்கு. இலக்கிய நண்பர்கள் கூடியிருந்த இடத்தில் இப்பேச்சை எடுத்தபோது நமக்கு இரண்டு எதிர்வினைகள் கிடைத்தன. "அடுத்தவர் பேச்சை ஒட்டுக்கேட்பதில் என்ன ரசனை இருக்கிறது?" என்றார் ஒருவர். "நாட்டின் பாதுகாப்பு விஷயத்தில் நமக்கென்ன வேலை?" என்றார் மற்றவர். முன்னவர் ஒழுக்கத்தின் பெயரால் பேசினார். பின்னவர் அரசின் பெயரால் பேசினார். இருவரும் செய்வது ஒரே பிழை என்பது நம் துணிபு. கேட்பவனைக் களவாணியாகக் காணும் பிழை அது. இருவருக்கும் சேர்த்தே இங்கு விடை சொல்கிறோம்.

முதலில், கேட்கப்படுவது எது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். பயணிகள் விமானங்கள் 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசைகளில் பேசுகின்றன. நம் வீடுகளில் ஒரு காலத்தில் இருந்த மர்ஃபி, பிலிப்ஸ் பெட்டிகள் மத்திய அலையைப் பிடித்தனவே, அதே பழைய வீச்சுப் பண்பேற்ற முறைதான். மறைகுறியீடு ஏதும் இல்லை. ஒரு கட்டுப்பாட்டாளர், ஓர் அலைவரிசை, அதில் ஒரே நேரத்தில் பல விமானங்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் அனைவரும் வாய்மூடிக் கேட்டிருக்க வேண்டும். 35,000 அடி உயரத்தில் செல்லும் விமானத்தின் குரல், இடையில் மலையோ மேடோ மறைக்காவிட்டால், ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தொலைவுவரை எட்டும். தலைக்கு மேலே ஒருவர் பத்து மாவட்டங்களுக்குக் கேட்கும்படி உரக்கப் பேசிச் செல்கிறார். அதைக் கேட்பவன் எந்தச் சுவரில் காதை ஒட்டினான்? ஒட்டுக்கேட்டல் என்ற சொல்லுக்குச் சுவர் வேண்டும், கதவு வேண்டும், மறைக்க விரும்பும் ஒருவர் வேண்டும். இங்கே மூன்றும் இல்லை.

பேசப்படுவதிலும் மறைபொருள் ஏதும் இல்லை. யார், எங்கே, எவ்வளவு உயரம், எந்தத் திசை, எந்த ஓடுபாதை, காற்று எப்படி. ஆட்பெயர் வராது, அழைப்புப்பெயர் மட்டுமே வரும். பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் 'ஸ்பீட்பேர்ட்' என்றும், தைவானின் சைனா ஏர்லைன்ஸ் விமானம் 'டைனஸ்டி' என்றும் அழைக்கப்படும். பெயர் சுட்டாமை அகத்திணையின் விதி என்று வகுப்பறையில் ஆண்டுதோறும் சொல்லிக்கொடுக்கும் நமக்கு இது புதுமையாகத் தோன்றவில்லை. எண்களின் ஒலிப்பிலும் தனி இலக்கணம் உண்டு. ஆங்கிலத்தில் ஐந்தும் ஒன்பதும் இரைச்சலில் ஒன்றுபோல் கேட்கும் என்பதால் ஐந்தை 'ஃபைஃப்' என்றும் ஒன்பதை 'நைனர்' என்றும் ஒலிக்கச் சொல்கிறது அவ்விலக்கணம். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு பொருள். ஒரு பொருளுக்கு ஒரே சொல். 2009 ஜனவரி 15 அன்று நியூயார்க் வானில் பறவைகள் மோதி இரண்டு எஞ்சின்களும் செயலிழந்த விமானத்துக்குக் கட்டுப்பாட்டாளர் ஓடுபாதைகளை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக் கொடுத்தார். விமானியின் விடை 'அனேபிள்', அதாவது இயலாது. அலங்காரம் இல்லை, அலறல் இல்லை. ஹட்சன் ஆற்றில் இறங்கிய அவ்விமானத்தின் 155 பேரும் உயிர்பிழைத்தனர். சொற்சிக்கனம் பற்றி நாம் நடத்தும் பட்டறைகளில் இதைவிட நல்ல பாடம் கிடைக்குமா என்பது ஐயமே.

ஆயினும் இதைக் கவிதை என்று கொண்டாடுவது நம் நோக்கமன்று. சிலர் அப்படியும் எழுதுகிறார்கள். எதைக் கண்டாலும் 'இதுவும் ஒரு பிரதி' என்று நெற்றியில் ஒட்டிவிட்டுப் போகும் பழக்கம் நமக்கு உவப்பானதன்று. நாம் வலியுறுத்துவது வேறு. இந்தப் பேச்சு, சொல்லப்பட்டவர் மட்டுமன்றி மற்றவரும் கேட்பதற்காகவே அமைந்தது. மற்றவர் கேட்கவில்லையென்றால் அது தன் வேலையைப் பாதிதான் செய்கிறது.

சங்க அகப்பாடல்களின் துறைக்குறிப்புகளைப் படித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தலைவன் வேலிக்கு அப்பால் வந்து நிற்கிறான். தோழி தலைவியிடம் பேசுகிறாள். பேச்சு தலைவிக்கு, பொருள் தலைவனுக்கு. சிறைப்புறமாக நிற்பவன் கேட்க வேண்டும் என்பதற்காகவே அவள் வாய் திறக்கிறாள். அந்தத் தலைவனை ஒட்டுக்கேட்டவன் என்று எந்த உரையாசிரியரும் ஏசவில்லை. செய்யுளின் உறுப்புகளை எண்ணிய தொல்காப்பியர் கூற்றோடு நிறுத்தாமல் கேட்போரையும் ஓர் உறுப்பாக வைத்தார். பேச்சு என்பது பேசுபவனின் தனிச்சொத்து அன்று என்ற புரிதல் நம் மரபில் அவ்வளவு பழையது. திருக்குறளில் 'கேள்வி' தனி அதிகாரம். அதற்கு வைப்புமுறையில் கிடைத்த இடம் கல்விக்கும் கல்லாமைக்கும் அடுத்தது. இப்படிப்பட்ட மரபில் வந்தவர்கள், கேட்டல் என்றவுடனே குற்றவுணர்வு கொள்வது வியப்புக்குரியது.

வான்பேச்சின் சிறைப்புறத்தார் முதலில் மற்ற விமானிகளே. கட்டுப்பாட்டாளர் இட்ட ஆணையை விமானி திருப்பிச் சொல்ல வேண்டும். பிழையாகச் சொன்னால் கட்டுப்பாட்டாளர் திருத்துவார். அவர் கவனிக்கத் தவறினால், அதே அலைவரிசையில் கேட்டுக்கொண்டிருக்கும் மூன்றாமவர் குறுக்கிடலாம். தமக்குச் சொல்லப்படாத சொல்லைக் கேட்டுத் தம் மனத்தில் வானத்தின் வரைபடத்தை வரைந்துகொள்வது விமானியின் தொழிற்பயிற்சியிலேயே அடங்கியது. கனடாவில் கியூபெக் மாநில வானில் பிரெஞ்சு மொழியையும் அனுமதிக்கலாமா என்ற பூசல் மூண்டு, 1976 ஜூன் மாதத்தில் விமானிகள் வேலைநிறுத்தமே செய்தார்கள். ஆங்கிலம் மட்டும் அறிந்தவர்கள் வைத்த முதன்மையான வாதம், பக்கத்து விமானம் என்ன பேசுகிறது என்பது தங்களுக்குப் புரிய வேண்டும் என்பதே. அந்த வாதம் பின்னர் விசாரணையில் நிற்கவில்லை. 1979இல் இருமொழிக்கும் இசைவு கிடைத்தது. ஆனால் பிறர் பேச்சைக் கேட்பதைத் தங்கள் பாதுகாப்புரிமையாகவே அத்தொழிலினர் கருதினர் என்பதற்கு அப்பூசல் சான்று.

உரிமை மறுக்கப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. 1977 மார்ச் 27, கேனரித் தீவுகளின் டெனெரீஃப். மூடுபனியில் ஒரே ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள். கே.எல்.எம். விமானம் புறப்பாட்டுக்குத் தயாராக நிற்கிறது. பான் ஆம் விமானம் அதே பாதையில் எதிரே ஊர்ந்து வருகிறது. கட்டுப்பாட்டாளர் காத்திருக்கச் சொன்னதும், பான் ஆம் தாம் இன்னும் ஓடுபாதையில் இருப்பதாகச் சொன்னதும் ஒரே நொடியில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. கே.எல்.எம். விமானியறையில் அது வெறும் சீழ்க்கையொலியாகவே கேட்டது. ஆனால் அடுத்த சில நொடிகளில், கட்டுப்பாட்டாளருக்கும் பான் ஆமுக்கும் இடையே நடந்த பேச்சு தெளிவாகவே கேட்டது. ஓடுபாதையை விட்டு விலகியதும் தெரிவிக்கிறோம் என்றது பான் ஆம். அது கே.எல்.எம்.மை நோக்கிச் சொல்லப்பட்ட சொல் அன்று. அதைக் காதில் வாங்கியவர் அவ்விமானத்தின் பொறியாளர் ஒருவர்தான். அவர் இன்னும் விலகவில்லையா என்று அவர் கேட்டார். தலைமை விமானி அழுத்தமாக மறுத்துவிட்டு விரைந்தார். 583 பேர் மாண்டனர். அந்த அறையில் சரியாகக் கேட்டவர் பிறருக்கான பேச்சைக் கேட்டவரே. ஒட்டுக்கேட்பதில் என்ன ரசனை என்று வினவிய நண்பர் இந்த ஒரு நிகழ்வையாவது நினைத்துப் பார்க்கட்டும்.

டெனெரீஃப் தொலைவில் இருக்கிறது என்றால் அரியானாவின் சர்க்கி தாத்ரி தொலைவில் இல்லை. 1996 நவம்பர் 12 அன்று தில்லியிலிருந்து ஏறிய சவூதி விமானமும் தில்லிக்கு இறங்கிவந்த கசக்ஸ்தான் விமானமும் நடுவானில் மோதின. இரண்டிலும் இருந்த 349 பேரும் மாண்டனர். கசக் விமானத்துக்கு 15,000 அடி, சவூதி விமானத்துக்கு 14,000 அடி என உயரம் ஒதுக்கப்பட்டிருந்தது. கசக் விமானம் தன் உயரத்தைவிடக் கீழே இறங்கிவிட்டது. அதில் கட்டுப்பாட்டகத்தோடு ஆங்கிலத்தில் பேசியவர் விமானி அல்லர், தனியே அமர்த்தப்பட்ட வானொலியாளர். கேட்டவர் ஒருவர், ஓட்டியவர் வேறொருவர். விமானியருக்கும் கட்டுப்பாட்டாளருக்கும் ஆங்கிலத் தேர்ச்சி வரையறை வேண்டும் என்று பன்னாட்டுக் குடிமை வான்போக்குவரத்து அமைப்பு பின்னர் விதித்ததற்குப் பின்னணியில் இருந்த விபத்துகளுள் இதுவும் ஒன்று. ஆக, வான்பேச்சின் மொழி பற்றிய உலகளாவிய அக்கறைக்கு நம் மண்ணில் விழுந்த பிணங்களும் காரணம். அந்த மொழியைப் பற்றி இந்தியப் பல்கலைக்கழகங்களில் எத்தனை ஆய்வுகள் நடக்க வேண்டும்?

நமக்குத் தெரிந்த நிலையைச் சொல்கிறோம். நாம் பணியாற்றிய ஒரு கல்லூரியில் முதுகலை மாணவி ஒருத்தி, நெருக்கடி நேரங்களில் வானொலிப் பேச்சு எப்படி விதிமொழியிலிருந்து வழக்குமொழிக்கு நழுவுகிறது என்பதை ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொள்ள விரும்பினாள். நல்ல தலைப்பு. 1990 ஜனவரி 25இல் எரிபொருள் தீர்ந்து நியூயார்க் அருகே விழுந்த ஆவியான்கா விமானத்திலிருந்து, எரிபொருள் தீர்கிறது என்றுதான் சொன்னார்கள்; 'மேடே' என்றோ 'நெருக்கடி' என்றோ சொல்லவில்லை. அந்த ஒரு சொல் இல்லாததால் அவர்களின் அவசரம் கட்டுப்பாட்டாளருக்கு எட்டவில்லை. 73 பேர் இறந்தனர். வழக்குமொழிக்கும் விதிமொழிக்கும் இடையிலுள்ள வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதற்கு வேறென்ன எடுத்துக்காட்டு வேண்டும்? ஆனால் துறைக்குழு அத்தலைப்பை ஏற்கவில்லை. காவல்துறை வந்து கேட்டால் யார் பதில் சொல்வது என்பதே அவர்களின் கவலை. அவள் கேட்கவிருந்தது வெளிநாட்டு நிலையங்களின் ஒலிப்பதிவுகளை. நியூயார்க்கின் கென்னடி நிலையப் பேச்சை இணையம் வைத்திருக்கும் எவரும் கேட்கலாம். அதைச் சொல்லியும் பயனில்லை. இறுதியில் அவள் எடுத்தது ஏற்கெனவே பலமுறை செய்யப்பட்ட ஒரு தலைப்பு. அச்சம் சட்டத்தின் எல்லையையும் தாண்டிப் போகிறது என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறோம்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். அமெரிக்காவில் 1986இல் மின்னணுத் தகவல் தொடர்பு பற்றி இயற்றப்பட்ட சட்டம், கப்பல், விமானப் பேச்சுகளைப் பொதுமக்கள் கேட்பது குற்றமன்று என்று வெளிப்படையாகவே விலக்களித்தது. பிரிட்டனில் நிலைமை வேடிக்கையானது. தமக்கு உரியதல்லாத செய்தியை வானொலியில் கேட்பது 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆனால் கேட்கும் கருவி கடைகளில் தாராளமாகக் கிடைக்கும். விமான நிலைய வேலியோரங்களில் நாற்காலி போட்டு, தேநீர்க் குடுவையும் கருவியுமாக ஓய்வுபெற்றவர்கள் அமர்ந்திருப்பார்கள். சட்டம் கண்ணை மூடிக்கொள்கிறது. அது நேர்மையான ஏற்பாடு அல்ல என்றாலும், யாரும் சிறைக்குப் போவதில்லை.

நம் நாட்டில் போனார்கள். 2010 பிப்ரவரியில் தில்லி விமான நிலையத்தை ஒட்டிய ஓட்டல் ஒன்றில் தங்கியிருந்த பிரித்தானியர் இருவர், வானொலிக் கருவியோடு கட்டுப்பாட்டகப் பேச்சைக் கேட்டதாகக் கைதுசெய்யப்பட்டனர். ஓடுபாதை தெரியும் அறை வேண்டும் என்று அவர்கள் கேட்டது ஓட்டலாருக்கு ஐயத்தைத் தந்திருந்தது. அதே மாதத்தில்தான் புனேயில் குண்டு வெடித்திருந்தது. மும்பைத் தாக்குதல் நடந்து ஈராண்டுகூட ஆகவில்லை. ஐயப்பட்டதையோ விசாரித்ததையோ நாம் குறைசொல்லவில்லை. ஆனால் விமானம் பார்ப்பதே தங்கள் பொழுதுபோக்கு என்று சொன்ன அவ்விருவரும் சிறையும் பிணையுமாக ஏறத்தாழ இரண்டு மாதம் இந்நாட்டில் அலைக்கழிந்து, தந்திச் சட்டத்தின் கீழ் அபராதம் செலுத்திய பிறகே ஊர்போய்ச் சேர முடிந்தது. அவர்கள் மேல் வந்த சட்டம் 1885ஆம் ஆண்டினது. வானொலி என்ற ஒன்று நடைமுறைக்கு வரும் முன்பே, தந்திக் கம்பிகளைக் காக்க வெள்ளையரசு இயற்றியது. அதற்குத் துணையாக 1933இல் வந்த சட்டம் உரிமம் இன்றி வானொலிக் கருவி வைத்திருப்பதையே குற்றமாக்கியது. வீட்டு வானொலிப் பெட்டிக்கு அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் கட்டிய தலைமுறையினர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அந்தச் சிறு புத்தகமும் முத்திரையும் அக்காலத்தின் எச்சம்.

அவ்விரு சட்டங்களுக்கும் மாற்றாக 2023இல் நாடாளுமன்றம் தொலைத்தொடர்புச் சட்டத்தை நிறைவேற்றியது. காலனியச் சட்டங்களைக் களைகிறோம் என்ற முழக்கத்தோடு வந்த அதிலும், வானொலிக் கருவியை வைத்திருப்பதற்கே அரசின் அங்கீகாரம் வேண்டும் என்ற கொள்கை அப்படியே நீடிக்கிறது. பெயர் மாறிற்று, காது மட்டும் வெள்ளையன் வைத்த இடத்திலேயே இருக்கிறது. ஆனால் அதே சட்டம் விலக்களிக்கும் அதிகாரத்தையும் அரசுக்குத் தருகிறது என்பதை வாசகர்கள் மனத்தில் கொள்ளவேண்டும். நம் கோரிக்கை அங்கிருந்துதான் எழுகிறது.

பாதுகாப்பு வாதத்துக்கு நேரடியாகவே விடை சொல்வோம். விமானம் எங்கே இருக்கிறது என்பது இன்று மறைபொருளா? பெரும்பாலான பயணிகள் விமானங்கள் தம் இடத்தையும் உயரத்தையும் வேகத்தையும் 1090 மெகாஹெர்ட்ஸில் தாமே விடாமல் அறிவித்துக்கொண்டு பறக்கின்றன. ஃப்ளைட்ரேடார்24 போன்ற தளங்களில் அது படமாகவே ஓடுகிறது. விமான நிலையத்துக்கு மாப்பிள்ளையை அழைக்கப் போகும் மாமனார்கூட அதைப் பார்த்துவிட்டுத்தான் காரை எடுக்கிறார். கண்ணுக்குத் திறந்த வானம் காதுக்கு மட்டும் மூடியிருப்பதால் எந்தச் சதிகாரன் தடுக்கப்படுவான்? தவிரவும், கேட்பது தடயம் விடாத செயல். சில ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும் சிறு கருவியைக் கணினியில் செருகி, அறைக்குள் காதணிபேசியில் கேட்பவனை எந்தக் காவலராலும் கண்டுபிடிக்க இயலாது. ஆகவே இச்சட்டம் பிடிப்பது ஒளிந்து கேட்பவனை அன்று. ஓட்டல் ஊழியரிடம் வெளிப்படையாக அறை கேட்டவனை. கள்ளனை விட்டுவிட்டு வெள்ளந்தியைப் பிடிப்பதற்கென்றே அமைந்த சட்டம் பாதுகாப்புச் சட்டம் ஆகாது.

ஒலிபரப்புவது வேறு. விமான அலைவரிசையில் உரிமமின்றிப் பேசுபவன் நூற்றுக்கணக்கான உயிர்களோடு விளையாடுகிறான். அவனுக்குக் கடுந்தண்டனை வேண்டும். அதில் நமக்கு இரண்டாம் கருத்து இல்லை. விமானியறைக்குள் பேசப்படுவதும் வேறு. அது கறுப்புப் பெட்டியில் பதிவாவது. விசாரணைக்கன்றி வெளியிடப்படக் கூடாது என்று பன்னாட்டு விதி காப்பது. அந்தக் காப்பு நீடிக்க வேண்டும். அறைக்குள் பேசுவதையும் தெருவில் கூவுவதையும் ஒரே சட்டத்தால் அளக்காதீர்கள் என்பதே நம் வாதம்.

எதிர்த்தரப்பில் ஒரு வாதத்துக்கு மட்டும் நாம் தலைவணங்குகிறோம். விபத்து நடந்த சில மணிநேரத்தில் இறந்தவர்களின் குரல் கைப்பேசிகளில் உலாவருகிறது. பின்னணி இசை சேர்க்கிறார்கள், தலைப்பு வைக்கிறார்கள், தீர்ப்பும் வழங்குகிறார்கள். இது அருவருப்பானது. ஆனால் இதே பதிவுகள் வதந்தியையும் கொல்கின்றன. 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோவின் ஹானெடாவில் பயணிகள் விமானமும் கடலோரக் காவல் விமானமும் ஓடுபாதையில் மோதின. காவல் விமானத்தின் ஐவர் இறந்தனர். பயணிகள் விமானத்தின் 379 பேரும் தப்பினர். ஓடுபாதையில் நுழைய அனுமதி கிடைத்ததாகவே காவல் விமானி நம்பியிருந்தார். ஜப்பானிய அமைச்சகம் மறுநாளே பேச்சை எழுத்தாக வெளியிட்டது. அதில் ஓடுபாதை அனுமதி இல்லை. புறப்பாட்டு வரிசையில் முதலாவது என்று பொருள்படும் சொல் இருந்தது. அச்சொல்லின் பயன்பாட்டை அங்கே நிறுத்திவைத்தார்கள். 2025 ஜனவரி 29 அன்று வாஷிங்டனில் 67 பேரைக் கொன்ற மோதலுக்குப் பின், விமானத்தின் பின்புறமாகக் கடந்துபோ என்ற ஆணையின் ஒரு பகுதி ஹெலிகாப்டருக்குள் கேட்காமல் போயிருக்கலாம் என்றனர் புலனாய்வாளர்கள். அந்நொடியில் ஹெலிகாப்டரின் ஒலிவாங்கி அழுத்தப்பட்டிருந்தது. கட்டுப்பாட்டகப் பேச்சைப் பொதுமக்கள் அன்றிரவே கேட்டிருந்தார்கள். கேட்ட குடிமக்கள் முன்னால் எதையும் பூசிமெழுகுவது எளிதன்று. ஆகவே பதிவுகளை இழிவாகப் பயன்படுத்துவோரைக் கண்டிப்போம். கேட்பதையே தடுப்பது, வம்பு பேசுகிறார்கள் என்பதற்காக ஊர்த்திண்ணையை இடிப்பதற்கு ஒப்பாகும்.

இன்னொன்றும் உண்டு. இந்தப் பேச்சு நெடுங்காலம் இப்படியே நீடிக்கப்போவதில்லை. பெருங்கடல்களின் மேலும் பல நாடுகளின் உயர்வானிலும் ஆணைகள் இப்போதே எழுத்துச் செய்திகளாகத் திரையில் வருகின்றன. குரல் மெல்லக் குறையும். சென்னை வான்பகுதியில் நம்மவர் எந்த உச்சரிப்பில் ஆணையிட்டார், புயல் நாளில் எத்தனை விமானங்களை எப்படி வரிசைப்படுத்தினார் என்பதைப் பின்னாளில் ஒருவர் அறிய விரும்பினால், கேட்டுச் சேர்த்துவைத்த ஒரு குடிமகனின் பதிவுகூட இராது. ஓலைகள் கறையான் தின்ற பிறகு அழுத சமூகம் இது. ஒலிகள் விஷயத்திலும் அதையே செய்ய வேண்டுமா?

ஆகவே நாம் கேட்பது மிகச் சிறியது. 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையிலான விமானப் பேச்சை ஏற்க மட்டுமே பயன்படும், ஒலிபரப்ப இயலாத கருவிகளுக்கு அங்கீகாரத் தேவையிலிருந்து விலக்களித்து மைய அரசு ஓர் அறிவிக்கை வெளியிடட்டும். இராணுவ அலைவரிசைகள் அதில் சேரவேண்டாம். தவறான நோக்கத்தோடு பயன்படுத்துவோரைத் தண்டிக்கும் பிரிவுகள் இருக்கட்டும். இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம், ஒரு பக்கத் தாள் போதும். பல்கலைக்கழகங்கள் அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். பிறநாட்டு நிலையங்களின் பொதுப்பதிவுகளைக் கேட்டு ஆராய எந்த அமைச்சகத்தின் ஒப்புதலும் தேவையில்லை. துறைக்குழுக்களுக்குச் சற்று முதுகெலும்பு இருந்தால் போதும்.

இலக்கிய நண்பர்களுக்கு ஒரு சொல். சொல்லின் பொறுப்பு பற்றி நாம் ஆண்டுக்கணக்கில் கூட்டம் போட்டுப் பேசுகிறோம். நம் சொற்கள் தவறினால் யாரும் சாவதில்லை. மிஞ்சிப்போனால் ஒரு மதிப்புரை கடுமையாக வரும். ஒரு சொல் தவறினால் முந்நூறு பேர் சாகும் இடத்தில் மனிதர்கள் எப்படிப் பேசுகிறார்கள், எப்படிக் கேட்கிறார்கள் என்பதை அறியும் ஆவல் நமக்கு இல்லையென்றால், மொழிமேல் நமக்குள்ள பற்று நம் சொந்தக் குரலின்மேல் உள்ள பற்று மட்டுமே.